பதினொன்று சொன்ன குரல்

என் அக்கா இருபத்து நாலு வருஷம் ஒரே வேலை பார்த்தாள். வரிசையில் கடைசியாக நடப்பது. உங்க அக்கா என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் நான் திருதிருவென்று விழிப்பேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை மலைக்கும் காட்டுக்கும் கூட்டிப் போகிற முகாம் ஒன்றில் இருக்கிறாள் என்பேன். டீச்சரா என்பார்கள், இல்லை. சமையலா என்பார்கள், அதுவும் இல்லை. பதினெட்டுப் பிள்ளைகள் போனால் முன்னால் ஒருவர் வழி காட்டிப் போவார், பின்னால் என் அக்கா போவாள், அவளுக்குப் பின்னால் ஒரு பிள்ளை கூட இருக்கக் கூடாது, அதுதான் வேலை என்று விளக்குவேன். இதற்கெல்லாமா சம்பளம் கொடுக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். நானும் பல நாள் அப்படிப் பார்த்தவள்தான்.

அந்த முகாமுக்கு அவள் முதலில் போனது பதினைந்து வயதில். அப்பா பஸ் டிப்போவில் டிக்கெட் மெஷின் பழுது பார்ப்பவர், அம்மா மருந்துக் கம்பெனியில் மாத்திரை அட்டை அடுக்குகிறவள். பஞ்சர் கடைக்கு மேலே இரண்டு அறையில் நாங்கள் நாலு பேர். பள்ளியிலிருந்து பத்துப் பெண்களைச் செலவில்லாமல் பத்து நாள் முகாமுக்கு அனுப்பினார்கள். அக்கா அந்தப் பத்தில் இல்லை. பட்டியலில் இருந்த ஒருத்திக்கு அம்மை போட்டது, அவளுக்குப் பதிலாக இவள் போனாள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பெண் அவள். சிநேகிதி என்று ஒருத்தி கிடையாது. மத்தியானச் சாப்பாட்டைக் கூட வகுப்பில் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். போனவள் ஒருத்தி, வந்தவள் வேறொருத்தி.

முழங்கையெல்லாம் சிராய்ப்பு, முகம் கறுத்து, தொண்டை கட்டி வந்து நின்றாள். வந்ததும் வராததுமாக ஒரு கதை சொன்னாள். முகாமில் யாருக்கும் பெயர் கிடையாதாம், எண்தானாம். இவள் ஏழு. தங்கும் இடம், ஆற்றங்கரை, பாலம் என்று எங்கே நின்றாலும் தலையை எண்ண மாட்டார்களாம். ஒன்று, இரண்டு என்று வரிசையாக அவரவர் எண்ணை அவரவரே கத்த வேண்டுமாம். எட்டாம் எண்காரி கால் கழுவுகிறேன் என்று சொல்லாமல் கொள்ளாமல் ஓடைக்கு இறங்கிவிட்டாள். அந்த நேரம் பார்த்து எண் கேட்டார்கள். என் அக்கா, "ஏழு" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கீச்சுக் குரலில், "எட்டு" என்றாள். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. பத்து நிமிஷத்தில் ஈரக் காலோடு மூச்சிரைக்க எட்டு ஓடி வந்து இவள் தோளைக் கட்டிக்கொண்டாளாம்.

அன்று மாலைக்குள் இந்தக் கதையை மூன்று தடவை சொல்லிவிட்டாள். அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. எனக்கு வயிற்றெரிச்சல்தான். அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் ஏழு, எட்டு என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். எட்டு எங்கள் வீட்டுக்கு வந்தால், ரெண்டும் சேர்ந்தாச்சு, வீட்டுக்கு ஏழரைதான் என்று அம்மா முணுமுணுப்பாள். முணுமுணுத்துக்கொண்டே அவளுக்கும் சேர்த்துச் சோறு வைப்பாள்.

படிப்பு முடிந்ததும் அக்கா ஒரு கூரியர் ஆபீசில் சேர்ந்தாள். சுவரைப் பார்த்த மேஜையில் உட்கார்ந்து பார்சலுக்கு விலாசம் ஒட்டும் வேலை. மூச்சு முட்டுகிறது என்று தினமும் புலம்பினாள். ஒன்றரை வருஷம்தான் தாக்குப் பிடித்தாள். எட்டு அதற்குள் அந்த முகாமிலேயே பயிற்சியாளராகச் சேர்ந்திருந்தாள். இவளையும் இழுத்துக்கொண்டாள். முதலுதவிச் சான்றிதழ், கயிறு கட்டும் சான்றிதழ் எல்லாம் அக்கா வாங்கினாள். எட்டு முன்னால் நடக்கிறவள் ஆனாள், பயிற்சித் தலைவி ஆனாள், கடைசியில் இயக்குநர் ஆகி ஏசி அறையில் உட்கார்ந்தாள். அக்கா பின்னாலேயே நடந்தாள். முன்னால் வா என்று மூன்று தடவை எட்டு கூப்பிட்டும் போகவில்லை. கடைசியாக நடக்கிறவளுக்கு மாப்பிள்ளையும் கடைசியாகத்தான் வருவான் என்று நான் கிண்டலடிப்பேன். அவன் வரவே இல்லை. அவளுக்கு அதில் வருத்தம் இருந்ததாகவும் எனக்குத் தெரியவில்லை.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். முகாமின் விளம்பரத் தாளை என் கடையில்தான் நகல் எடுப்பார்கள். இளம் வயதில் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள், துணிவு வரும், தலைமைப் பண்பு வரும், வாழ்க்கைக்கே வழி கிடைக்கும் என்று அதில் இருக்கும். பக்கத்தில் என் அக்காவின் முதுகு, பை மாட்டியபடி. ஆயிரக்கணக்கில் அந்த முதுகை நகல் எடுத்திருக்கிறேன். இந்த அம்மாளுக்கு வழி கிடைத்தது துணிவினாலும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியினாலும் இல்லை. ஒரு பொய் சொன்னாள், மாட்டிக்கொள்ளவில்லை, ஒரு சிநேகிதி கிடைத்தாள். அந்தச் சந்தோஷத்தை விட்டுப் பிரிய மனசில்லாமல் இருபத்து நாலு வருஷம் அங்கேயே சுற்றினாள். அப்போது நான் இதை வேடிக்கையாகத்தான் சொல்வேன்.

ஒவ்வொரு முகாமிலும் முதல் நாள் சாயங்காலம் பிள்ளைகள் வீட்டு நினைப்பில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள். அப்போது அக்கா இந்த ஏழு எட்டுக் கதையைச் சொல்வாள். கீச்சுக் குரலில் "எட்டு" என்று சொல்லிக் காட்டுவாள். அழுதுகொண்டிருந்த பிள்ளையும் சிரித்துவிடும். எட்டு அங்கே இருந்தால், அந்த எட்டு நான்தான் என்று கை தூக்குவாள். இயக்குநரே இப்படிச் செய்திருக்கிறாரா என்று பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். கதையின் கடைசியில், ஆனா நீங்க இப்படிச் செய்யக் கூடாது என்று அக்கா சேர்த்துக்கொள்வாளாம். எந்தப் பிள்ளை அதைக் காதில் வாங்கும்?

அந்த வருஷம் வந்த கூட்டத்தில் பத்தாம் எண்ணும் பதினொன்றாம் எண்ணும் இணைபிரியாமல் திரிந்தார்கள். இருவருக்கும் பதிமூன்று வயது. பத்து ஒல்லி, சத்தமில்லாதவள். பதினொன்று வாயாடி. அவர்களைப் பார்த்தால் எனக்கு என்னைப் பார்க்கிற மாதிரியே இருக்கிறது என்று அக்கா போனில் சொன்னாள். நான் கடையில் கூட்டமாக இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் கழுத்தில் ஒரு விசில் கொடுப்பார்கள், வழி தவறினால் ஊத. அதைத் தொலைத்தால் அந்தக் குழுவுக்கே மதிப்பெண் குறையும். ஐந்தாம் நாள் மலையிலிருந்து இறங்கும்போது, மத்தியானம் சாப்பிட்ட பாறையிலேயே தன் விசிலை விட்டுவிட்டதைப் பதினொன்று பார்த்தாள். அப்போது எல்லோரும் புதர் மறைவில் ஒதுங்குவதற்காக நின்றிருந்தார்கள். சொன்னால் மதிப்பெண் போகும். பாறை கொஞ்சத் தூரம்தான். புதருக்குப் பின்னாலேயே மேலே ஏறிப் போய்விட்டாள். அக்கா பாதையில் நின்றிருந்ததால் அவள் கண்ணில் படவில்லை.

பிள்ளைகள் திரும்பி வந்து வரிசையில் நின்றதும் எண் கேட்டார்கள். பத்து, "பத்து" என்றாள். பிறகு தலையைக் குனிந்து, கீச்சுக் குரலில், "பதினொண்ணு" என்றாள்.

இதை அக்கா என்னிடம் சொன்னது, எல்லாம் நடந்து ஒன்பதாம் நாள். மத்தியானம் என் கடைக்கு வந்தாள். ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னாள். மெஷினுக்குப் பின்னால் பேப்பர் கட்டுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்குக் கேட்டுச்சு. அது அவ குரல் இல்லன்னு அந்த நிமிஷமே தெரியும்."

"அப்புறம்?"

"சிரிச்சேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் மெதுவாக விளக்கினாள். தன்னுடைய பழைய குரலே திரும்ப வந்து காதில் விழுந்த மாதிரி இருந்ததாம். அந்தப் பிள்ளை எங்கேயாவது பக்கத்தில் கால் கழுவிக்கொண்டிருப்பாள், ஓடி வந்துவிடுவாள் என்று நினைத்தாளாம். காட்டிக்கொடுத்தால் இருவருக்கும் திட்டு விழும். ஒரு சிநேகத்தை நாமே ஏன் கெடுப்பது என்று விட்டுவிட்டாளாம். மெல்ல நடந்தாள், இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். பாதை வளைந்து வளைந்து இறங்கும். பிள்ளைகள் வளைவைச் சுற்றாமல் நேராகக் குறுக்கே சரிந்து இறங்குவது வழக்கம். அப்படி இறங்கி முன்னால் போய்ச் சேர்ந்திருப்பாள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதற்குள் பனி மூட்டம் இறங்கியது. பலகைப் பாலத்துக்கு வந்து மறுபடி எண் கேட்டார்கள். ஓடைச் சத்தத்தில் எல்லாக் குரலும் ஒன்று போலக் கேட்டது. பதினொன்று என்று ஒரு குரல் வந்தது. அப்பாடா, வந்துவிட்டாள் என்று நம்பிக்கொண்டாள். நம்ப ஆசைப்பட்டாள் என்பதுதான் சரி.

கூடாரத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பத்து அழ ஆரம்பித்தாள். மறுநாள் காலையில்தான் பதினொன்றைக் கண்டுபிடித்தார்கள். பாறைக்குக் கீழே சரிவில் கிடந்தாள். விசில் கழுத்தில் இருந்தது.

விசாரணை வைத்தார்கள். அதற்கு முன்தினம் எட்டு அக்கா வீட்டுக்கு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. சிரித்ததை அக்கா அவளிடமும் சொல்லியிருந்தாள்.

"ஏழு, நீ கேட்டது பதினெட்டு எண். அதை மட்டும் சொல்லு. நீ சிரிச்சியான்னு அங்க யாரும் கேக்கப் போறதில்ல. முகாமை மூடிட்டா நாப்பது பேர் எங்க போவாங்க?"

என் அக்கா தலையாட்டினாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எதற்கெடுத்தாலும் நீளுகிற என் நாக்கு அன்றைக்கு எங்கே போனதோ தெரியவில்லை. வேலை போய்விட்டால் இவள் என்ன செய்வாள் என்று நானும்தான் பயந்தேன்.

விசாரணை நடந்த அறையில் நீளமான மேஜை, ஒரு பக்கம் அதிகாரியும் தட்டச்சு செய்கிறவரும், எதிர்ப்பக்கம் நாற்காலி வரிசை. பதினொன்றின் அம்மா மகளுடைய தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் இடத்தில் எண்ணிக்கை சரியாக இருந்ததா என்று அதிகாரி கேட்டார். இருந்தது என்றாள் அக்கா. பாலத்தில்? இருந்தது. உங்களுக்கு ஏதாவது சந்தேகம் வந்ததா?

அக்கா எட்டைப் பார்த்தாள். எட்டு முன்னால் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவின் மடியிலிருந்த பாட்டிலையும் பார்த்தாள். பிறகு, இல்லை என்றாள்.

தட்டச்சு செய்கிறவர் அதை அடித்தார்.

இரண்டு மாதம் கழித்து அறிக்கை வந்தது. எட்டின் பெயருக்கு வந்ததைப் பத்துப் பிரதி எடுக்கச் சொல்லி முகாமிலிருந்து என் கடைக்கே கொடுத்தனுப்பியிருந்தார்கள். மெஷினிலிருந்து சூடாக ஒவ்வொரு தாளாக வெளியே வர, நான் நின்றுகொண்டே படித்தேன். முகாமின் விதிப்படியே எண்ணிக்கை எடுக்கப்பட்டிருக்கிறது, கடைசியாக நடந்த ஊழியர் மீது தவறில்லை, பத்தாம் எண் மாணவி பொய்க் குரல் கொடுத்து ஊழியர்களை ஏமாற்றியதே இந்தச் சாவுக்குக் காரணம் என்று எழுதியிருந்தது. இனிமேல் தலையை எண்ண வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி.

கடையை அப்படியே போட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கூடப் பிறந்தவள் என்பதற்காக வாயை மூடிக்கொண்டிருக்க எனக்குத் தெரியாது. ஏற்கெனவே ஒரு தடவை மூடியது போதும். நீ இருபத்து நாலு வருஷம் நடந்தது இதற்குத்தானா, கடைசியில் ஒரு பதிமூன்று வயதுப் பிள்ளையை உனக்குப் பின்னால் விட்டுவிட்டு நீ முன்னால் வந்துவிட்டாயே என்று கத்தினேன். அடுத்த வாரம் அவள் வேலையை விட்டாள். அது போதாதென்று அவளுக்கே தெரிந்திருந்தது. பத்தைப் பள்ளியில் யாரும் பக்கத்தில் உட்கார விடுவதில்லை, வேறு பள்ளிக்கு மாற்றியும் பேச்சு கூடவே போய்விட்டது, இப்போது அவள் பள்ளிக்கே போவதில்லை என்று கேள்விப்பட்டதும், நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றாள். அவளிடம் முதலில், பிறகு அதிகாரியிடம். அந்தப் பிள்ளை தலையிலிருந்து அதை இறக்கி வைத்துவிட்டால் போதும், அப்புறம் என்னை என்ன செய்தாலும் செய்யட்டும் என்றாள். அந்த மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

நானும் கூடப் போனேன். மூன்றாவது மாடியில் வீடு. பத்தின் அம்மா கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ், வேலைக்குக் கிளம்புகிற உடையிலேயே கதவைத் திறந்தார். அக்காவைப் பார்த்ததும் முகம் இறுகிவிட்டது. பத்து நிமிஷம் என்றார். உள் அறையில் கட்டில் ஓரத்தில் பத்து உட்கார்ந்திருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். புத்தகங்கள் அலமாரியில் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன.

அக்கா தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். குரல் அடையாளம் தெரிந்ததை, பேசாமல் இருந்ததை, விசாரணையில் இல்லை என்று சொன்னதை. தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது என்றாள். தன் விரல்களையே பார்த்தபடி பத்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியும்க்கா," என்றாள். "சொல்லிட்டுத் திரும்பிப் பாத்தேன். நீங்க சிரிச்சீங்க."

அக்கா நகர்ந்து கட்டிலை ஒட்டி உட்கார்ந்தாள்.

"நீங்க சொன்ன கதையில எட்டு திரும்பி வந்துடுவாங்கல்ல? அவளும் வந்துடுவான்னுதான் இருந்தேன். பாலத்துகிட்ட வந்தும் வரல. எனக்குப் பயமாயிடுச்சு, உங்ககிட்ட சொல்லிடலாம்னு திரும்பினேன். நீங்க போ போன்னு கையை ஆட்டினீங்க. சரி, உங்களுக்குத் தெரியும்போலன்னு மறுபடியும் சொன்னேன்."

பாலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும்தான் அக்கா கையை ஆட்டுவாள், நிற்காமல் தாண்டுங்கள் என்று. அதை இப்போது எடுத்துச் சொல்லி என்ன ஆகப் போகிறது? அக்கா அழுதாள். நாளைக்கே போய் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், மறுபடி விசாரிக்கச் சொல்கிறேன் என்றாள். அப்போதுதான் அந்தப் பிள்ளை முதல் தடவையாகத் தலையைத் தூக்கினாள்.

"வேணாம்க்கா. மறுபடி கூப்பிட்டா அவ அம்மா முன்னாடி நான் உக்காரணும். என்னால முடியாது."

"நீ எதுவும் பேச வேணாம்மா. நான் பேசிக்கறேன்."

"இதை யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு அன்னைக்கு விசாரணையில என்னைக் கேட்டாங்க. யாரும் இல்ல, நானாதான்னு சொல்லிட்டேன். அது அப்படியே இருக்கட்டும். யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா."

வாசலில் நின்றிருந்த அவள் அம்மா, போதும், கிளம்புங்கள் என்றார். பத்து நிமிஷம் கூட ஆகியிருக்காது.

படியில் இறங்கும்போது அக்கா கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். மலையில் இருபத்து நாலு வருஷம் ஏறி இறங்கினவளுக்கு அந்த மூன்று மாடி இறங்க முடியவில்லை. இரண்டாவது மாடியில் யார் வீட்டு வாசலிலோ செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பதிமூணு வயசு. எனக்காகவும் ஒரு பொய் சொல்லி வெச்சிருக்கா," என்றாள்.

அந்தப் பிள்ளை பாரத்தை இறக்கி வைக்கப் போனோம். எங்களுடையதையும் அவளே தூக்கிக்கொண்டிருக்கிறாள். சொன்னால் அவளை மறுபடி அந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும், சொல்லாவிட்டால் அந்த அறிக்கை அவள் மேல் இருக்கும். இதில் எது நியாயம் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அக்கா சொல்லவில்லை. எட்டு இரண்டு தடவை போன் செய்தாள், இவள் எடுக்கவில்லை. முகாம் நடக்கிறது. விளம்பரத் தாளில் முதுகை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

இப்போது அக்கா என் வீட்டில்தான் இருக்கிறாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கும் வேலை, சுவரைப் பார்த்த மேஜை. மூச்சு முட்டுகிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள். சாப்பிடக் கூப்பிட்டால் பெரியவள் உள்ளே இருந்துகொண்டு, ரெண்டு பேரும் வர்றோம் என்று குரல் கொடுப்பாள். அக்கா உடனே எழுந்து உள்ளே போவாள். போன வாரம் பெரியவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான்தான் சொன்னேனே பெரியம்மா, ரெண்டு பேரும் இருக்கோம்னு."

"சொன்னடி," என்றாள் அக்கா. "நான் பாக்கணும்."

பார்த்துவிட்டு வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். சோறு ஆறிப் போயிருந்தது.